நாற்பத்தொன்றாம் குழாய்

பிப்ரவரி 3

அக்காவுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க மனசு வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டு வருஷமாகப் பேசாதவன் போன் செய்திருக்கலாம். செய்தால் முதல் நிமிஷம் நீ அழுவாய், இரண்டாவது நிமிஷம் நான் கத்துவேன், மூன்றாவது நிமிஷம் யாராவது ஒருவர் வைத்துவிடுவோம். தவிர, எனக்கு வேண்டியது பேச்சு இல்லை, எழுத்து.

பல் டாக்டரின் நர்ஸ், பல்செட் செய்ய எடுத்த தாடை அச்சுகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றித்தான் எனக்கு அனுப்புவாள். போன வாரம் ஒரு கிழவரின் மேல்தாடையைப் பிரித்தால் உள்ளே உன் ஆய்வுக்கூடம். போட்டோவில் இடமிருந்து மூன்றாவதாக நீ. வெள்ளைக் கோட்டு, அப்பாவின் அதே மூக்கு. "நடுக்க நோய்க்கு மூளையே செய்யும் நஞ்சு காரணமா?" என்று தலைப்பு. அப்பாவுக்கு வந்த அதே நோய்தான். நோயாளிகளின் முதுகுத்தண்டு நீரில் அந்த நஞ்சின் தடம் அதிகமாம். ஆரோக்கியமானவர்களில் ஒருவரிடம்கூட அந்த அளவு இல்லையாம். நான்கு தடவை வாசித்தேன். பிறகு பிளாஸ்டர் மாவு படாமல் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அப்பா இறந்த அன்று, கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போது, நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "அந்தப் பாழாப்போன திரவத்துக்குப் பக்கத்துல அவரை நாலு வருஷம் உக்கார வெச்சியே, நீதான்டா அவரைக் கொன்னே." கூடத்தில் அண்டா உருண்ட மாதிரி இருந்தது. நீ செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாய். நான் அங்கேயே இருக்க வேண்டியவன்.

பல்செட் செய்வதற்கு ரோஸ் நிறப் பொடியும் ஒரு திரவமும் கலந்துதான் ஈறு செய்கிறேன். அந்தத் திரவம் மூக்கைத் துளைக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சும்மா இருக்க முடியாமல் அப்பா தானாகத்தான் பட்டறைக்கு வந்து உட்கார்ந்தார். நானா கட்டிப்போட்டேன்?

அன்றிலிருந்து என் மனைவி மகளைப் பட்டறை வாசற்படி தாண்ட விடுவதில்லை. "உங்க அக்கா படிச்சவங்க, சும்மா சொல்வாங்களா?" என்கிறாள். மகளுக்கோ அது ஒன்றுதான் ஆசை. மெழுகில் ஒரு கடைவாய்ப் பல்லை அவள் செதுக்கினால் நான் செய்ததைவிட நன்றாக இருக்கிறது. எனக்கும் ஆள் வேண்டும். ஒரே மாதத்தில் மூன்று செட் திரும்பி வந்துவிட்டது. டாக்டர் அச்சு எடுப்பதில் கோளாறு, பழி என் மேல்.

ஆகவே, உங்கள் ஆட்களே கண்டுபிடித்துவிட்டபடியால், அப்பாவின் நோய்க்குப் பட்டறை காரணம் இல்லை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. முத்திரை இருந்தால் குத்து. எல்லார் முன்னாலும் சொன்ன பேச்சை எழுத்தில் திரும்ப எடுத்துக்கொள்.

தம்பி


பிப்ரவரி 12

டேய் பொக்கை,

இப்படிக் கூப்பிட்டதற்குக் கோபித்துக்கொள்ளாதே. முன்பல் இரண்டும் விழுந்து ஒன்றரை வருஷம் முளைக்காமல் திரிந்தவன் ஊருக்கெல்லாம் பல் கட்டுகிறான் என்று அப்பா சொல்லிச் சிரிப்பார், இல்லையா? உன் கடிதத்தைப் பார்த்ததும் அதுதான் முதலில் வந்தது. அப்புறம்தான் அழுகை.

அன்று நான் பேசியது தவறு. அதை எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன். ஆனால் நீ கேட்கிற தாள் வேறு.

அந்தச் செய்தியின் தலைப்பில் ஒரு கேள்விக்குறி இருக்கிறதே, கவனித்தாயா? நாங்கள் கண்டுபிடித்தது அந்தக் கேள்விக்குறி அளவுதான். டோபமின் என்று ஒன்று. நாம் கையைக் காலை நினைத்தபடி அசைக்க மூளை தானே செய்துகொள்கிற பொருள். அது பழசாகி உடையும்போது நடுவில் கொஞ்ச நேரம் நஞ்சாக இருக்கிறது. எல்லார் தலையிலும்தான். எனக்கும் உனக்கும் இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிற தபால்காரருக்கும். உடனுக்குடன் அதைத் துடைத்தெடுக்க ஒரு நொதி இருக்கிறது. சிலருக்கு அந்தத் துடைப்பு சரியாக நடப்பதில்லை போலும். தேங்கின நஞ்சு, அதைச் செய்த செல்லையே கொல்கிறது என்பது எங்கள் சந்தேகம். சந்தேகம்தான். வெளியிலிருந்து வரும் நஞ்சும் சேர்ந்து கெடுக்கலாம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

அதனால் பட்டறைதான் என்று சத்தியம் செய்யவும் என்னால் முடியாது, இல்லை என்று செய்யவும் முடியாது. ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய். முடிந்தால் அந்தத் தொழிலையே விட்டுவிடேன். உனக்குக் கணக்கு நன்றாக வரும், ஏதாவது அலுவலகத்தில் பார்க்கலாம்.

மகளைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


பிப்ரவரி 20

அக்காவுக்கு,

உன் கடிதம் வழுக்குப் பாறை மாதிரி இருக்கிறது. எங்கே கால் வைத்தாலும் நிற்கவில்லை. நாற்பத்தாறு வயசில் அலுவலகத்தில் கணக்கு எழுதப் போகணுமாம். நல்ல யோசனை. நீ எலிக்கு ஊசி போடுவதை விட்டுவிட்டு டான்ஸ் கற்றுக்கொள்ளேன்.

ஜன்னல் பற்றிச் சொன்னாய். ஜன்னலே வேண்டாம் இப்போது. பட்டறையில் வாசனையே இல்லை. போன வருஷம் முதல் வேறு கம்பெனித் திரவம் வாங்குகிறேன். முதலில் கொஞ்சம் அடித்தது, இப்போது சுத்தமாக இல்லை. நேற்று பாட்டிலைத் திறந்து மூக்கை உள்ளே விடாத குறையாக மோந்து பார்த்தேன். பச்சைத் தண்ணீர். என் மனைவி மட்டும் கதவுக்கு வெளியே நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு, "வீடு பூரா நாறுது, தலை வலிக்குது" என்கிறாள். எல்லாம் நீ ஏற்றிவிட்ட பயம். இல்லாத நாற்றத்துக்குத் தலை வலிக்கிற ஒரே பெண்பிள்ளை இவளாகத்தான் இருப்பாள்.

இன்னொன்றும் கேள். உன் ஆராய்ச்சிக்கு நான் செய்த உதவியை நீ மறந்திருக்கலாம், என் முதுகு மறக்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் 'ஆரோக்கியமான ஆள் கிடைக்கவில்லை, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், நீ வாடா' என்று கெஞ்சினாயே. இறால் மாதிரி வளைந்து படுத்து, முதுகெலும்பில் ஊசி ஏற்றிக்கொண்டு, மூன்று நாள் தலையைத் தூக்க முடியாமல் கிடந்தேன். அப்பாவுக்காகக் கொடுத்தேன். அந்தச் செய்தியில் 'ஆரோக்கியமானவர்கள்' என்று போட்டிருக்கிறதே, அதில் நானும் ஒருவன். அந்த உரிமையிலாவது கேட்கிறேன். தாளை அனுப்பு.

தம்பி


பிப்ரவரி 26

தம்பி,

அவசரமாக எழுதுகிறேன். கிண்டல் செய்யாமல் பதில் சொல். நீ சொல்ல வேண்டாம், உன் மனைவியைச் சொல்லச் சொல். உனக்கு உன்னைத் தெரியாது.

பால் தீய்ந்தால் உனக்கு வாசனை தெரிகிறதா? சோப்பு, மல்லி, மழை மண், எதுவாவது?

தூக்கத்தில் கத்துகிறாயா, கையைக் காலை வீசுகிறாயா?

நடக்கும்போது இரண்டு கையும் வீசி நடக்கிறாயா, ஒரு கை மட்டும் உடம்போடு நிற்கிறதா? எந்தக் கை?

முன்பைவிட மெதுவாகப் பேசுகிறாயா? சட்டைப் பட்டன் போட நேரமாகிறதா?

திரும்பி வந்த மூன்று செட்டும் எதற்காகத் திரும்பி வந்தன என்று டாக்டரிடம் கேட்டாயா, அல்லது நீயாக அச்சு சரியில்லை என்று வைத்துக்கொண்டாயா?

உடனே எழுது.

அக்கா


மார்ச் 6

அக்காவுக்கு,

கேள்வித்தாள் கிடைத்தது. பள்ளிக்கூடத்திலேயே நான் பாஸ் ஆனதில்லை.

உன் கடிதத்தை மனைவியிடம் கொடுத்தேன். சிரித்துக்கொண்டேதான் கொடுத்தேன். அவள் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாக வாசித்துத் தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள். "போன மாசம் பால் அடுப்புல கரிஞ்சு புகை மண்டிப் போச்சு. நீங்க பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தீங்க. வேணும்னே பண்றீங்கன்னு திட்டினேன்" என்றாள். தூக்கத்தில் நான் உதைத்து அவள் முழங்கால் வீங்கினதால்தான் ஆறு மாதமாக மகளோடு படுக்கிறாளாம். நான் குறட்டை என்று நினைத்தேன். வலது கை வீசுவதில்லையாம். கடைக்குப் போகும்போது பின்னால் வருகிறவளுக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை.

பல் டாக்டரிடமும் போனேன். அவர் நல்ல மனுஷர், சுற்றி வளைத்துத்தான் சொன்னார். கீழ்வரிசைப் பற்கள் வலப் பக்கம் ஒரு நூல் அளவு ஏறி உட்கார்ந்திருக்கின்றனவாம். மூன்று செட்டிலும் அதே இடம். "உங்களுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா?" என்று கேட்டார். நான் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வந்து பட்டறையில் உட்கார்ந்து பாட்டிலைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. மகள் வாசலில் நின்று, "அப்பா, மூடுங்கப்பா, கண்ணெரியுது" என்றாள்.

இப்போது நான் கேட்கிறேன், நீ பதில் சொல். உன் கேள்விகள் அன்றைக்கு யோசித்து எழுதின கேள்விகள் மாதிரி இல்லை. ரொம்ப நாளாகத் தயாராக வைத்திருந்த மாதிரி இருக்கின்றன. வாசனை இல்லை என்று நான் எழுதின ஒரு வரிக்கு நீ இப்படிப் பதறுவானேன்? உனக்கு என்ன தெரியும்?

தம்பி


மார்ச் 14

தம்பி,

இதை ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன். ஆறாவதை அப்படியே அனுப்புகிறேன். வாசனை போவதுதான் பலருக்கு இந்த நோயின் முதல் அடையாளம்.

நீ கொடுத்த நீர் எங்களிடம் நாற்பத்தொன்றாம் குழாய். பெயர் கிடையாது, எண் மட்டும். இயந்திரத்தில் வைக்கிறவருக்கு எது யாருடையது என்று தெரியக்கூடாது என்பது விதி. ஆனால் அன்று வந்த ஆரோக்கியமான ஆள் நீ ஒருவன்தான், எண் ஒட்டினதும் நான்தான். நான் மறக்க நினைத்தாலும் முடிகிற எண்ணா அது?

மூன்று மாதம் கழித்து அளவு வந்தது. மற்ற ஆரோக்கியமானவர்களுடையது எல்லாம் தாளின் அடியில் எறும்பு வரிசை மாதிரி இருந்தது. நாற்பத்தொன்று மட்டும் மேலே, நோயாளிகளோடு நின்றது. அப்பாவுடையது பதினேழாம் குழாய். அதற்குப் பக்கத்திலேயே உன்னுடையது.

எங்கள் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, "இதென்ன இது, குழாய் எங்கேயாவது வெளியில கெடந்துதா?" என்று சும்மாதான் கேட்டார். நான், "ஆமா சார், ஐஸ் பெட்டி பத்தல, பஸ்ல என் கைப்பையில ஒரு மணி நேரம் இருந்துச்சு" என்றேன். கெட்டுப்போன சாம்பிள் என்று குறித்து நாற்பத்தொன்றை அடித்துவிட்டார்கள்.

அது ஐஸ் பெட்டியில்தான் வந்தது, தம்பி. நான் பஸ்ஸிலேயே வரவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில், குலுங்காமல், குழந்தையைக் கொண்டுவருகிற மாதிரிக் கொண்டுவந்தேன்.

நீ சட்டைப் பையில் வைத்திருக்கிற செய்தியில், ஆரோக்கியமானவர்களில் ஒருவரிடமும் அந்த அளவு இல்லை என்று இருக்கிறதே, அது என் பொய்யால் வந்த வரி.

ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்று கேட்பாய். சொல்லி என்ன செய்ய? முன்கூட்டித் தெரிந்தால் நிறுத்த ஒரு மாத்திரை இருந்தால் அன்றைக்கே ஓடி வந்திருப்பேன். ஒன்றும் இல்லை. அந்த அளவு என்ன சொல்கிறது என்பதும் எங்களுக்கு நிச்சயமில்லை. நாற்பத்தொன்று நிஜமாகவே கெட்டுப்போன குழாய் என்று நானே என்னை நம்ப வைக்கப் பார்த்தேன். பாதி நம்பினேன்.

அப்பா போன அன்று சொன்னது எதனால் என்றும் சொல்லிவிடுகிறேன். கடைசி வருஷம் அவரைப் பார்த்தாய் அல்லவா? கதவு நிலையில் கால் ஒட்டிக்கொண்டு நிற்பார். நீ குனிந்து அவர் பாதத்தை எடுத்து அந்தப் பக்கம் வைப்பாய். அன்று கூடத்தில் நீ அதே கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாய். எனக்கு அந்த எண் ஞாபகம் வந்தது. விஷம் வெளியே இருக்கட்டும் என்று வேண்டினேன். வெளியே இருந்தால் ஒரு கதவைச் சாத்தினால் போதும். பட்டறையை நீ மூடிவிட்டால் உனக்கு வராது என்று அந்த நிமிஷம் எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரித் தோன்றியது. உன்னைக் காப்பாற்றத்தான் உன்னைக் கொலைகாரன் என்றேன். எழுதிப் பார்க்கும்போது எனக்கே இது கேவலமாக இருக்கிறது.

நரம்பு டாக்டரிடம் போ. தள்ளிப்போடாதே. நான் கூட வரட்டுமா?

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

வர வேண்டாம். போய்விட்டு வந்துவிட்டேன்.

கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொன்னார். கையை மூடி மூடித் திறக்கச் சொன்னார். தாழ்வாரத்தில் அந்த முனைவரை நடந்து திரும்பச் சொன்னார். திரும்பும்போது நான் ஏழு அடி வைத்தேனாம், இரண்டில் திரும்பலாமாம். நான்கு நிமிஷம்தான். அப்புறம் அப்பாவுக்குச் சொன்ன அதே நோயின் பேரைச் சொன்னார். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனபோது அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், அதனால் மிச்சம் எல்லாம் எனக்குத் தெரிந்த பாட்டுதான்.

உன்மேல் கோபமா என்று நினைத்துக்கொண்டிருப்பாய். கோபம் என்பது சின்ன வார்த்தை. நோய்க்காக இல்லை. அது உன் கையில் இல்லை. ஆனால் ஆறு வருஷம் என்னுடையது. அதை எடுத்து நீ கைப்பையில் போட்டுக்கொண்டாய். தெரிந்திருந்தால் மகளைப் பதிமூன்று வயசிலேயே பக்கத்தில் உட்கார வைத்திருப்பேன். அவள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கடல் பார்க்கப் போயிருப்பேன், அவள் கடலே பார்த்ததில்லை. கடைசி இரண்டு வருஷம் அப்பாவைக் கொன்றவன் என்ற நினைப்போடு தினமும் பட்டறைக் கதவைத் திறந்திருக்க மாட்டேன். ஒவ்வொரு தடவை அந்தப் பாட்டிலைத் தொடும்போதும் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் தொட்டேன், தெரியுமா உனக்கு? வாசனை போன அன்று அவர் மன்னித்துவிட்டார் என்றுகூட நினைத்தேன்.

உன்னைவிட அந்த இயந்திரம் நல்லது. அது உள்ளதைச் சொன்னது.

தாளை அனுப்பு. அது ஒன்றாவது எனக்குச் சேர வேண்டியது.

தம்பி


ஏப்ரல் 10

தம்பி,

தாள் இத்துடன் இருக்கிறது. அப்பாவின் நோய்க்குப் பட்டறைத் திரவம் காரணம் என்று சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இருந்ததில்லை, நான் சொன்னது பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். முத்திரை கிடைக்கவில்லை.

பெரிய டாக்டரிடம் போய் நாற்பத்தொன்றைப் பற்றி உள்ளது உள்ளபடி சொல்லிவிட்டேன். அவர் பழைய பதிவேட்டை எடுத்து வரச் சொன்னார். பிறகு, "அந்தக் குழாய்ல மிச்சம் ஏதாவது இருக்காம்மா?" என்று மட்டும் கேட்டார். கெட்டுப்போன சாம்பிள்களை அந்த வருஷமே கொட்டிவிட்டோம். திரும்ப அளக்க ஒரு துளி இல்லை. முதலிலிருந்து எல்லாரையும் அளக்க அவருக்கு இன்னும் ஆறு வருஷம் ஆகும், அதற்குள் அவரே ஓய்வு பெற்றுவிடுவார். அளக்கும் அறையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். இப்போது கீழ்த்தளத்தில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறேன். நியாயம்தான்.

நோய் வருவதற்கு முன்னாலேயே ஒருவரிடம் அந்தத் தடம் இருந்ததா என்பதுதான் நாங்கள் இத்தனை வருஷம் தேடின கேள்வி. பதில் ஒரு குழாய் நிறைய எங்கள் கையில் இருந்திருக்கிறது. அதை நான் தொட்டியில் ஊற்றிக் குழாயைக் கழுவியும் வைத்தேன்.

மன்னிப்புக் கேட்க மாட்டேன். கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும்.

அக்கா


ஏப்ரல் 21

அக்காவுக்கு,

தாள் கிடைத்தது. மூன்று தடவை வாசித்தேன். மனைவியிடம் காட்டவில்லை. இன்று கிழித்துப் போட்டுவிட்டேன். காரணம் சொல்கிறேன், பொறுமையாக வாசி.

விஷயம் வீட்டில் தெரிந்த நாளிலிருந்து மகள் போனில் எதையெதையோ வாசிக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள்: "தாத்தா, அப்புறம் நீங்க. அப்புறம் நானாப்பா?" நான் அதட்டினேன். அதட்டல் வெளியே வரவில்லை, குரல் அடங்கிப்போயிருக்கிறது. மறுநாளிலிருந்து பார்க்கிறேன், காலையில் எழுந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு கையையும் நீட்டி வைத்து உற்றுப் பார்க்கிறாள். குளிக்கப் போனால் சோப்பைக் கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்க்கிறாள், எடுத்து வைக்கிறாள், திரும்பவும் மோந்து பார்க்கிறாள். பத்தொன்பது வயசு, அக்கா. தோழிகளோடு எங்கேயும் போவதில்லை. மெழுகைத் தொடுவதில்லை. ஒரு பல்லைச் செதுக்கி அது கோணலாகிவிட்டால் என்ன செய்வது என்று பயம்.

ஆறு வருஷத்தை எடுத்துக்கொண்டாய் என்று உன்னைத் திட்டினேன் அல்லவா? அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தெரிந்துகொண்ட பிறகு இந்த மூன்று வாரத்தில் ஒரு நாள்கூட என்னுடையதாக இல்லை. கரண்டியைத் தூக்கினால் கரண்டியைப் பார்க்கிறேன், சோற்றைப் பார்ப்பதில்லை. நீ பொய் சொல்லி எனக்குக் கொடுத்த ஆறு வருஷமும் நான் சாப்பிட்டேன், சண்டை போட்டேன், தூங்கினேன்.

அதனால் இப்படிச் செய். என் மகளுக்கு ஒரு கடிதம் எழுது. தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் வந்தது பட்டறைத் திரவத்தால்தான் என்று எழுது. அன்று சொன்னது நிஜம்தான் என்று எழுது. ரத்தத்தில் வருவதில்லை, நீ அந்த அறைக்குள் போகாமல் இருந்தால் உனக்கு ஒன்றும் வராது என்று எழுது. படித்தவள் நீ, அங்கே வேலை செய்கிறவள். நீ சொன்னால் நம்புவாள். நான் சொன்னால் தேற்றுகிறேன் என்று நினைப்பாள்.

ஒரு கதவைச் சாத்தினால் போதும் என்று நீ நினைத்ததாக எழுதியிருந்தாயே. அந்தக் கதவை அவளுக்குக் கொடு.

அவள் முதுகில் மட்டும் எவரும் ஊசி வைக்கக்கூடாது. அதையும் பார்த்துக்கொள்.

தம்பி


ஏப்ரல் 29

தம்பி,

முதலில் முடியாது என்றுதான் எழுதினேன். ஒரே குடும்பத்தில் இரண்டு பேருக்கு வந்தால் மூன்றாவது ஆளுக்கு வந்தே தீரும் என்று இல்லை, பெரும்பாலும் வருவதில்லை, அதை அவளிடம் பக்குவமாகச் சொல்லலாம் என்று இரண்டு பக்கம். பிறகு ஜன்னல் பக்கம் நின்று நானே கையை நீட்டிப் பார்த்தேன். எனக்கும் அதே அப்பாதானே? நான் பார்க்கிறது இது முதல் தடவையும் இல்லை. 'பெரும்பாலும்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு எந்தப் பெண்ணும் தூங்க மாட்டாள்.

நான் உனக்குச் செய்ததையேதான் நீ அவளுக்குச் செய்யச் சொல்கிறாய். அதுவும் இந்தத் தடவை பழி முழுக்க உன் தலையில். யோசித்துத்தான் கேட்கிறாயா? அவள் உன்னை என்ன நினைப்பாள்?

இருந்தாலும் எழுதிவிட்டேன். இன்று தபாலில் போட்டேன். சுருக்கம் இதுதான்: "உன் தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் வந்தது பட்டறைத் திரவத்தின் விளைவு. நான் அப்போதே எச்சரித்தேன். இது பரம்பரையாக வருவது இல்லை. உனக்கு வராது. அந்த அறையைப் பூட்டிவிடு." கீழ்த்தளத்தில் பெட்டிகளுக்குக் குத்துகிற முத்திரை இருக்கிறது. அதைக் குத்தினேன். நிஜத்துக்குக் கிடைக்காத முத்திரை இதற்குக் கிடைத்தது.

அக்கா


மே 15

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. கூடத்தில் நின்றபடியே வாசித்தாள். முத்திரையை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு பெருமூச்சு விட்டாள் பார், ஒரு மாதமாக உள்ளே வைத்திருந்த மூச்சு மாதிரி இருந்தது. எனக்கு அங்கேயே அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அத்தை அன்னிக்கே சொன்னாங்களேப்பா. தாத்தா செத்த அன்னிக்கே எல்லார் முன்னாடியும் சொன்னாங்களே. அப்பவும் ஏன்பா மூடல? என்னையும் அதுக்குள்ள கூப்பிட்டீங்களே, பக்கத்துல வந்து உக்காருன்னு எத்தனை தடவை கூப்பிட்டீங்க!" என்றாள். திரவத்துக்கு வாசனை இல்லை என்று நினைத்தேன் என்றேன். "பொய்" என்றாள்.

என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு நிஜம் தெரியும், உன் பழைய கடிதங்களை அவளும் வாசித்திருக்கிறாள். சமையலறைக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

மகள் அன்றைக்கே பட்டறையைக் காலி செய்தாள். பொடி, திரவம், மெழுகு, அவள் செதுக்கின பற்கள் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வெளியே வைத்தாள். பூட்டிச் சாவியை அவளே வைத்திருக்கிறாள். மிச்சமிருந்த இரண்டு தாடை அச்சுகளை டாக்டரிடம் அவளே கொண்டுபோய்க் கொடுத்து, "அப்பா இனிமே செய்ய மாட்டாரு" என்று சொல்லிவிட்டு வந்தாளாம். வேறு எங்கோ வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். சாயங்காலம் தோழிகளோடு வெளியே போகிறாள். ஜன்னல் பக்கம் நின்று கையை நீட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டாள். சோப்பை எல்லாரையும் போலத் தேய்த்துக் குளிக்கிறாள்.

என்னோடு பேசுவதில்லை. பதினோரு நாள் ஆகிறது.

இன்று காலை டாக்டரிடம் போகக் கிளம்பினேன். இரண்டாவது பட்டனோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றேன். மனைவி கடைக்குப் போயிருந்தாள். மகள் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து வந்தாள். கழுத்துவரை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு, காலரைச் சரி செய்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டாள். அவள் விரல்களை நான் நன்றாகப் பார்த்தேன். ஒரு நடுக்கம் இல்லை, அக்கா. அவள் முகத்தில் பயமே இல்லை. கோபம் மட்டும்தான் இருந்தது. நீ எழுதினதை அவள் முழுசாக நம்பிவிட்டாள்.

தம்பி